நாலாம் மாடிக்கு வந்த ஏழு பேர்

நான் வேலை பார்த்த கட்டடத்தில் இப்போது நான்கு கமராக்கள் பூட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்று கோணலாக நின்று குப்பைத் தொட்டியை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறது. போன மாதம் அந்த வழியாகப் போனபோது நிமிர்ந்து எண்ணினேன்; வாசல் மின்குமிழ்கள் ஆறில் இரண்டு எரியவில்லை. முன்பென்றால் அது என் அலுவல். இப்போது யாரிடம் சொல்வது என்றே தெரியாததால் பேசாமல் வந்துவிட்டேன். வந்தும் மனம் ஆறவில்லை.

இங்குள்ள எங்கள் தமிழ்ப் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு வேறு கட்டடங்களில் இதே வேலை கிடைத்திருக்கிறது. கோயில் மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஒருவன் கேட்டான். "ஐயா, உந்த வேலையில அப்பிடி என்ன கஷ்டம்? கதவு திறக்கிறதும் கடிதம் குடுக்கிறதும்தானே?"

மற்றவன் எனக்கு முன்னமே பதில் சொன்னான். "ஐயாவுக்குப் பதிலாத்தான் நாலு கமரா பூட்டியிருக்கினம். ஐயா பாத்த அளவுக்கு அதுகள் பாக்காதாம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அந்தப் பகிடிக்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாது என்று பட்டது. இங்குள்ள தமிழ்ப் பாடசாலையின் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஆசிரியையும் கேட்டிருந்தார். அதனால் இதை எழுதுகிறேன்.

நான் உயர்தரத்தில் கணிதம் படித்தவன். ஊரில் ரியூசன் வகுப்புகளில் எண்கணிதம் சொல்லிக்கொடுத்தேன். இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்த முதல் வருடங்கள் எல்லாரையும் போலத்தான் போயின. ஒரு சின்யோராவின், அதாவது இத்தாலிய அம்மணியின், வீட்டில் நிலம் துடைத்தேன். ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். பிறகு போர்கோ வெக்கியோ சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் போர்தியேரே வேலை கிடைத்தது. போர்தியேரே என்றால் வாயிற்காவலன், தபால்காரன், துப்புரவாளன், ஊமை எல்லாம் சேர்ந்த ஒரு ஆள். சிவஞானம் என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. ஜான்னி ஆக்கிவிட்டார்கள்.

எனக்கு முன்பு இருந்த கிழவர் சில வாரங்கள் கூட நின்று பழக்கினார். படியை மேலிருந்து கீழாகத்தான் துடைக்க வேண்டும். பித்தளைப் பெயர்ப் பலகையை வட்டமாகத் தேய்க்கக் கூடாது, நெடுக்காகத் தேய்க்க வேண்டும். பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போட்டால் அன்றே உரியவர் கையில் கொடுத்துவிட வேண்டும். இவையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது வேறொன்று. யாராவது வந்து ஒருவரைத் தேடினால், அவர் இருக்கிறார் என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே. "மணி அடித்துப் பார்க்கிறேன்" என்று சொல். அடித்துப் பார். பதில் வந்தால் வந்தவரை விடு. வராவிட்டால், "பதில் இல்லை" என்று சொல். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

கட்டடத்துக்கு இருபத்திரண்டு தபால் பெட்டிகள், இருபத்திரண்டு மணிகள். என்னுடைய கண்ணாடி அறையின் பலகையில் பத்தொன்பது திறப்புகள் தொங்கின. அவசரத்துக்கு உதவும் என்று குடியிருப்பவர்கள் வீட்டுத் திறப்பில் ஒன்றைப் போர்தியேரேயிடம் கொடுத்து வைப்பது இங்கே வழக்கம். கொடுக்காத மூன்று பேர் யார் யார் என்பது எனக்கு எப்போதும் நினைவில் இருக்கும். எண்ணுவது எனக்கு வியாதி மாதிரி. குடைகளை எண்ணுவேன், படியேறுகிறவர்களை எண்ணி, இறங்கும்போது கழிப்பேன். கணக்குச் சரிவராத நாளில் மனைவிதான் என்னிடம் பேச்சு வாங்குவாள்.

என் மேலதிகாரி கட்டடத்தின் நிர்வாகி. எல்லாரும் அவரைத் தொழிற்பெயரால் ராஜியோனியேரே, அதாவது கணக்காளர், என்றே கூப்பிடுவார்கள். திங்கட்கிழமைகளில் வருவார். என் அறையில் உட்கார மாட்டார். என்னை மரியாதை குறைத்துப் பேசியதும் இல்லை. பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துப் பித்தளையை ஒரு தடவை துடைப்பார், பிறகு படிக் கைபிடியை, பிறகு லிப்ட் கதவை. அழுக்குப் பட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். கறை வெளியே தெரியும்படி கைக்குட்டையை நாலாக மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். நான் அதைத் துவைத்து, அழுத்தி, அடுத்த திங்கள் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டு நன்றி சொல்வார். இத்தனை வருடங்களில் அவர் கைக்குட்டையை நான் பதினொரு தடவை துவைத்திருக்கிறேன். ஒரு தடவை ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது.

இனி நாலாம் மாடிக் கதை. இது நடந்து ஏழெட்டு வருடங்கள் இருக்கும். அதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்களுடைய நாடு ஆபிரிக்காவில் இருக்கிறது என்பதற்கு மேல் எழுத மாட்டேன். அதை ஆளுகிற தலைவர் இன்னும் ஆளுகிறார். எல்லாரும் இத்தாலியனில்தான் கதைத்தோம். அதை என் தமிழில் தருகிறேன்.

யோனாஸ் நாலாம் மாடியில் சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தான். முப்பது வயதளவில் இருக்கும். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. தன் நாட்டு ஆட்கள் குவெஸ்தூராவுக்கு, அதாவது வதிவிட அனுமதி கொடுக்கிற பொலிஸ் அலுவலகத்துக்கு, போகும்போது மொழிபெயர்க்கவும் போவான். திறப்புக் கொடுக்காத மூன்று பேரில் அவன் ஒருவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனிடம் ஏழு பேர் வருவார்கள், எல்லாரும் அவன் நாட்டுப் பிள்ளைகள். அவனிடம் கதிரை ஆறுதான் இருந்தது. மிச்சம் இரண்டை என்னிடம் வாங்கிக்கொண்டு போவான். மேலே கோப்பிக் கொட்டை வறுக்கிற வாசம் கீழே வாசல்வரை வரும்.

ஞாயிறு எனக்கு லீவு. ஆனால் நானும் மனைவியும் இருந்தது கண்ணாடி அறைக்குப் பின்னால் உள்ள இரண்டு அறைகளில். யன்னல் வாசலைப் பார்த்தபடி இருந்தது. வருகிற பிள்ளைகளைக் கண்டால் வெளியே போய்ச் சுகம் கேட்பேன். எங்கள் ஆட்கள் சுகம் கேட்கிற முறை உங்களுக்குத் தெரியும். எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? தாய் தகப்பன் இருக்கினமோ? முதல் சந்திப்பில் ஊர் கேட்காவிட்டால் எங்களுக்கு அந்த ஆளைச் சந்தித்ததுபோலவே இருக்காது. அவர்களிடமும் அப்படித்தான் கேட்டேன். ஒவ்வொருவரும் தலைநகரத்தின் பெயரைச் சொன்னார்கள். ஏழு பேரும் தலைநகரம். ஒரே ஊரிலிருந்து இவ்வளவு பேர் வந்திருக்கிறார்களே என்று நான் மனைவியிடம் வியந்தது நினைவிருக்கிறது.

ஒருத்தி மட்டும் பிறகு உண்மையைச் சொன்னாள். ஹானா என்று வைத்துக்கொள்வோம். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்தவள். மூன்றாவது தடவையும் நான் அதையே கேட்டபோது சிரித்துவிட்டு ஒரு சின்ன ஊரின் பெயரைச் சொன்னாள். ஆற்றங்கரை ஊராம். தாய் சந்தியில் தையல் மெசின் வைத்திருக்கிறாவாம். சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "மேலை இருக்கிற ஆக்களுக்கும் இது தெரியாது. வேற ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றாள். கூட்டாளிகளிடம்கூட ஏன் ஊரை மறைக்கிறாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

யோனாஸ் கதிரைகளைத் திருப்பித் தர வரும்போது சில வேளை நின்று கதைப்பான். அவர்களுடைய தலைவர் எப்படி ஆட்சிக்கு வந்தார் என்று துண்டு துண்டாகச் சொன்னது அப்போதுதான். அவர் முதலில் ஒரு பாடசாலை ஆசிரியராம். பழைய அரசாங்கம் விழுந்த நாளில் சந்தைக்கு நடந்தே வந்து, மக்களோடு வரிசையில் நின்று பாண் வாங்கினாராம். யோனாசின் தகப்பன் அன்று அவருக்குத் தன் இடத்தை விட்டுக் கொடுத்தவராம். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர், பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். முதலில் பாண் விலை இறங்கியது. பிறகு பத்திரிகைகள் ஒன்றாகச் சுருங்கின. பிறகு பத்து வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர் வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் தலைவரின் படம் வாசலைப் பார்த்து மாட்டியிருக்க வேண்டும். பொறுப்பாளர் வந்தால் தேத்தண்ணி குடிப்பதற்கு முன் படச்சட்டத்தின் மேல் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பார். தூசி இருந்தால், "உங்களுக்கு அவரை நினைக்க நேரமில்லையோ?" என்று கேட்பார். தன் தாய் காலையில் முகம் கழுவுவதற்கு முன் அந்தப் படத்தைத்தான் துடைப்பாள் என்றான். பத்து வீட்டுக்காரர் கெட்டவரோ என்று கேட்டேன். இல்லை, நல்ல மனிதர் என்றான். அவருக்கு மேலே நூறு வீட்டுக்காரர் இருந்தாராம்.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் ஒரு புதன்கிழமை காலை, நான் தபால் பிரித்துக்கொண்டிருக்கும்போது சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். கையில் பிஸ்தா விசுக்கோத்துப் பெட்டி. யோனாசின் நாட்டு கொன்சொலாத்தோவில், அதாவது துணைத்தூதரகத்தில், மக்கள் நலனுக்குப் பொறுப்பானவர் என்று தன்னைச் சொன்னார். இத்தாலியன் என்னைவிட நன்றாகப் பேசினார். யாரையும் பார்க்க வரவில்லை, என்னோடுதான் கதைக்க வந்தேன் என்றார். ஞாயிறுகளில் நாலாம் மாடிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டார்.

ஞாயிறு எனக்கு லீவு என்றேன்.

"லீவு எண்டாலும் யன்னல் இருக்குத்தானே" என்று என் அறைப் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

நான் தபாலைப் பிரித்துக்கொண்டே இருந்தேன். ஒரு கடிதத்தைப் பிழையான பெட்டியில் போட்டதும் எனக்கே தெரிந்தது. அவர் அவசரப்படவில்லை. இந்தப் பிள்ளைகள் பொய் சொல்லி அகதி ஆனவர்கள், ஊரில் பெற்றோர் அவர்களைத் தேடித் தவிக்கிறார்கள், யாருடைய பிள்ளை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்வது தன் கடமை என்றார். பிறகு இதையும் சொன்னார். "உங்கட தமிழ் ஆக்களை எனக்குத் தெரியும். கண்டவுடன ஊர் விசாரிக்கிற ஆக்கள். நீங்களும் கேட்டிருப்பியள். எந்தெந்த ஊர் எண்டு மட்டும் சொன்னால் போதும்."

பதில் இல்லை என்றேன். மணி அடிக்காமலே அந்த வசனம் வாயில் வந்துவிட்டது. அவர் விசுக்கோத்துப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார். நான் அதைத் தொடவில்லை. மனைவியையும் தொட விடவில்லை.

அன்று பின்னேரம் யோனாஸ் வேலையால் வந்ததும் நான் மேலே போய் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். எச்சரித்ததற்கு நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் கதவைப் பாதி திறந்தபடியே நின்றான். முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது. அவர் ஏன் உங்களிடம் வந்தார் என்று கேட்டான். கீழே இருக்கிறவன் நான்தானே என்றேன். என்ன கேட்டார் என்றான். ஊர்களைக் கேட்டார் என்றேன்.

"நீங்களும் அதைத்தானே கேட்டனீங்கள்" என்றான் யோனாஸ்.

எங்கள் ஊர்ச் சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று, ஊர்ப் பெயரைச் சொல்லித் தப்பினவன் நான். எனக்கு முன்னால் நின்றவன் தன் ஊரைச் சொல்லி அகப்பட்டதையும் கண்டவன். அப்படிப்பட்ட நான் இந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் வாசலில் மறித்து அதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய நாட்டில் அது பத்து வீட்டுக்காரரின் முதல் கேள்வியாம். ஏழு பேரும் ஒரே தலைநகரத்தில் பிறந்த காரணம் அப்போதுதான் விளங்கியது.

நான் ஒன்றும் சொல்லவில்லை என்று அவனிடம் சொன்னேன். ஓம் என்றான். கதவைச் சாத்தினான். அடுத்த ஞாயிறு மூன்று பேர்தான் வந்தார்கள். கதிரை கேட்கவில்லை.

திங்கள் ராஜியோனியேரே வந்தார். பித்தளையைத் துடைக்கவில்லை. என் அறைக்குள் வந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்ததும் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். கொன்சொலாத்தோவிலிருந்து ஒரு கனவான் தன்னைச் சந்தித்ததாகச் சொன்னார். வெளிநாட்டவர் கூட்டம், பாதுகாப்பு விஷயம், குடியிருப்பாளர்களின் மன அமைதி என்று மூன்று காரணங்கள் சொன்னார். விரல் விட்டுச் சொன்னதால் எண்ண வசதியாக இருந்தது.

"சின்யோர் ஜான்னி, உங்களை உளவு பாக்கச் சொல்லேல்லை. உங்கட வேலையைக் கொஞ்சம் கூடுதல் கவனமாச் செய்யச் சொல்லுறன், அவ்வளவுதான்."

பொலிஸ் எழுத்தில் கேட்டால் பொலிசுக்குச் சொல்கிறேன், வேறு ஆட்களுக்குச் சொல்ல மாட்டேன் என்றேன். இதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கியது; வீரமாகச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பென்சனுக்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. வேலை போனால் பின்னாலுள்ள இரண்டு அறைகளும் போகும். அவர் தலையை ஆட்டினார். போர்தியேரேக்குப் பதிலாகக் கமரா பூட்டுவது பற்றி வீட்டுச் சொந்தக்காரர்களின் கூட்டத்தில் பேச இருக்கிறது என்று, வானிலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு எழுந்தார். போகும்போது கைக்குட்டையை எடுத்துத் தான் உட்கார்ந்த கதிரையைத் துடைத்தார். பிறகு அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். என் மேசையில் வைத்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் வெளியேறியதும் இரண்டாம் மாடிச் சின்யோரா படியிறங்கி வந்தார். தொண்ணூறைத் தாண்டிய விதவை. அந்தக் கட்டடத்திலேயே பிறந்தவர். நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்கு முகம் கொடுத்ததில்லை. திறப்பும் தரவில்லை. தன் தபாலைத் தானே எடுப்பார். காலை வணக்கத்தைத் தபால் பெட்டிக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போவார். எங்கள் நிறம் அவவுக்குப் பிடிக்கவில்லை என்பது என் மனைவியின் முடிவு. அன்று அவர் என் அறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, சாம்பல் கோட்டுக்காரர் என்ன கேட்டார் என்று நேரடியாகக் கேட்டார். சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்றார். அதையும் சொன்னேன். பிறகு அவர் நின்றபடியே கதைத்தார். கதிரையை நீட்டினேன், வேண்டாம் என்றார்.

அவர் சிறுமியாக இருந்தபோது இத்தாலியை ஆண்ட சர்வாதிகாரியைப் பற்றி நான் கட்டடங்களிலும் பழைய கல்வெட்டுகளிலும் பார்த்தது மட்டும்தான். சின்யோரா சொன்னது இந்தப் படிக்கட்டின் கதை. ஆரம்பத்தில் அந்தத் தலைவரைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்களாம். சின்யோராவின் தகப்பன் சங்கீத ஆசிரியர். தலைவர் தாடையை முன்னுக்குத் தள்ளிப் பேசுவதைப் படியில் நின்று நடித்துக் காட்டுவார். அப்போதைய போர்தியேரேயும் சேர்ந்து சிரிப்பார். பிறகு சிலர் கோட்டில் கட்சிச் சின்னம் குத்தத் தொடங்கினார்கள். பிறகு குத்தாதவர்களிடம் ஏன் என்று கேட்டார்கள். ஆசிரியர்கள் சத்தியம் செய்ய வேண்டி வந்தது. சத்தியம் செய்தவர்கள் செய்யாதவரைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கம் மாறினார்கள். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் கட்சிச் சீருடையோடு அணிவகுத்தார்கள், சின்யோராவும்தான். நல்லாக நடப்பேன் என்றார் அவர். தலைவர் வானொலியில் பேசும்போது யன்னல்களைத் திறந்து வைத்துக் கேட்க வேண்டும். ஒரு கோடை நாள், பேச்சின் நடுவில், தகப்பன் எழுந்து யன்னலைச் சாத்தினார். ஒரு சொல்லும் சொல்லவில்லை, சாத்தினார், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் இரண்டு பேர் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். தீவொன்றில் வைத்திருந்தார்கள். இருமலோடு திரும்பி வந்தார். பிறகு அதிக காலம் இருக்கவில்லை.

அந்த நாட்களில் ஒவ்வொரு கட்டடத்துப் போர்தியேரேயும் யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று பொலிசுக்குச் சொல்ல வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயமாம். ஆகவே அவர்தான் என்று தாய் முடிவு கட்டினாள். போர்தியேரே மாதாவின் படத்துக்கு முன் கை வைத்துத் தான் இல்லை என்றார். தாய் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. மகளுக்கும் அப்படியே பழக்கினாள். அந்த ஆட்சி போய், அந்தப் போர்தியேரே செத்து, வேறு ஆட்கள் வந்த பிறகும் சின்யோராவுக்கு இந்தக் கண்ணாடி அறையைப் பார்க்க முடியவில்லை.

அவர்தான் சொன்னாரா என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார் சின்யோரா. "எங்கட யன்னல் நாலு மாடத்துக்குத் தெரியும். அந்த நாலு வீட்டுக்காரரும் அப்பான்ர செத்த வீட்டுக்கு வந்தவை. அம்மாவுக்கு நாலு பேரைச் சந்தேகப்படுறதிலும் பாக்க ஒரு ஆளை வெறுக்கிறது லேசாய் இருந்தது."

மேலே போகத் திரும்பியவர், இன்னொன்றும் சொன்னார். அந்தக் கனவான் திரும்பி வருவார், வரும்போது உன்னைப் பற்றிக் கேட்பார் என்று.

அப்படியே நடந்தது. இரண்டு வாரம் கழித்து வந்தார். இந்த முறை பெட்டி இல்லை. நாலாம் மாடியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. என் உடம்பு எப்படி, பென்சன் எப்போது, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். பிறகு, அக்கறையாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்.

"நீங்கள் இலங்கையில எந்த ஊர்?"

என் வாழ்நாளில் அந்தக் கேள்விக்கு நான் யோசித்துப் பதில் சொன்னதில்லை. ஊர், குறிச்சி, கோயில், ஒழுங்கை என்று கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறவன். ஊரில் அப்போது என் தமையன் இருந்தார், தமையனின் பிள்ளைகள் இருந்தார்கள். இந்த மனிதருக்கு அங்கே ஒரு கையும் நீளாது என்று புத்திக்குத் தெரியும்.

ஆனாலும், "கொழும்பு" என்றேன்.

சொன்ன பிறகுதான் கவனித்தேன். நானும் தலைநகரத்தைச் சொல்லியிருந்தேன். கொழும்பு பெரிய ஊர் என்று அவர் சிரித்தார். பொய் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது எனக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கமராப் பேச்சை அந்தத் தடவை கூட்டத்தில் தள்ளி வைத்துவிட்டார்கள். சின்யோரா எதிர்த்துக் கை தூக்கியதாகக் கேள்விப்பட்டேன். எல்லாம் தணிந்துவிட்டது என்று நினைத்தேன்.

குளிர் காலம் முடியும் தறுவாயில், ஒரு சனிக்கிழமை மதியம் யோனாசும் ஹானாவும் என் அறைக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றார்கள். நான் திறப்புப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஹானாவின் கண் வீங்கியிருந்தது. யோனாஸ் கதவுப் பக்கம் நின்றான், நான் வெளியே போய்விடுவேன் என்பதுபோல.

அவளுடைய தாயைக் கொண்டு போய்விட்டார்கள் என்றான்.

ஹானா என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டாள். "என்ர ஊர் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் சொன்னனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை" என்றேன். "நான் சொல்லேல்லை."

சொல்லாத ஒன்றைச் சொல்லவில்லை என்று எப்படிக் காட்டுவது? எத்தனை கணக்குப் போட்டவன் நான். இதற்கு வழி தெரியவில்லை. சாமி படத்தில் கை வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மாதா படத்தில் கை வைத்தவரின் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். யோனாஸ் என் முகத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. என்ன நடந்தது என்று முழுவதையும் சொல்லும்படி ஹானாவிடம் கேட்டேன். கேட்கும்போதே அதுவும் ஒரு விசாரணை மாதிரித்தான் ஒலித்தது.

தாயின் பக்கத்து வீட்டுப் பெண் வேறொரு ஊருக்குப் போய், அங்கேயிருந்து போனில் சொன்னதை ஹானா சொன்னாள். மூன்று பேர் தாயின் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். மரியாதையாக இருந்தார்களாம். கதிரையில் உட்கார்ந்து கோப்பி கேட்டார்களாம். தாய் போட்டுக்கொண்டு வந்தபோது, ஒருவன் சுவரிலிருந்த தலைவரின் படத்தைக் காட்டி, அதைக் கழற்றி அதில் வைத்துக் கோப்பியைக் கொண்டு வரச் சொன்னான். தாய்க்கு விளங்கவில்லை. "உன்ர மகள் இப்பிடித்தான் கோப்பி குடுக்கப்போறன் எண்டு பலெர்மோவில சொன்னவளாம், நீயும் பழகு" என்றான். தாய் படத்தில் கை வைக்க மறுத்துவிட்டாள். கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

(அந்தத் தாய் பிறகு வீடு திரும்பினார். ஹானாவே எனக்குச் சொன்னாள். ஆனால் அந்த மதியம் அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது.)

"அவங்கள் ஏன் அப்பிடிக் கேட்டவங்கள்?" என்றேன்.

ஹானா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் ஒருநாள் பகிடிக்குச் சொன்னனான். அவர் செத்த அண்டைக்கு எங்கட வீட்டுப் படத்தைக் கழட்டி, அதையே தட்டமா வைச்சுத் தெருவுக்கே கோப்பி குடுப்பன் எண்டு. எல்லாரும் சிரிச்சவை."

"எங்கை வைச்சுச் சொன்னனீ?"

"மேலை. ஞாயிற்றுக்கிழமை."

நாலாம் மாடி. கதவு பூட்டிய அறை. நான் கீழே, யன்னலடியில். அந்தப் பகிடியை என் காது கேட்டிருக்கவே முடியாது. பகிடியைக் கொண்டுபோன ஆள், அவளுடைய பேச்சுச் சாயலை வைத்து ஊரையும் கண்டுபிடித்திருக்கலாம். இது மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது என்று நினைக்கிறேன். என் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. அந்தச் சந்தோசம் முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது யோனாஸ் என்னைப் பார்க்கவில்லை. கண் சுவரில் நிலைத்திருந்தது. உதடு மெல்ல அசைந்தது. அது என்ன அசைவு என்று எனக்குத் தெரியாதா? அறையில் அன்று யார் யார் எந்தக் கதிரையில் இருந்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தான். ஹானாவைக் கழித்தால் வந்தவர்கள் ஆறு பேர். ஆறிலும் ஒவ்வொருவராக நின்று நின்று போனான்.

ஹானாவும் எண்ணினாள். அவளுடைய கணக்கில் யோனாசோடு சேர்த்து ஏழு பேர். ஏழாவது ஆள் பக்கத்தில் நின்றான். அவள் அவனிடமிருந்து ஒரு அடி விலகி, என் கண்ணாடிப் பக்கம் வந்து நின்றாள்.